மாஸ்டர் பதில்கள்: 150 தொகுதியும் ஒரு சி.ஆர். கொப்பியும்

வெஸ்ட்மீட் வாசகி: மாஸ்டர், போன இதழில் போகிற போக்கில் ‘2017இல் வேண்டாம் என்று சொன்ன எங்கள் பரமட்டா’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அவுஸ்திரேலியா முழுக்க ஒரே பாலினத் திருமணத்துக்கு ஆம் என்றபோது, சிட்னிக்குள் இருக்கிற நாங்கள் மட்டும் எப்படி மறுபக்கம் போனோம்? இதை முன்கூட்டியே யாராவது கணித்தார்களா?

கணித்தவர்களில் நானும் ஒருவன் பிள்ளை. கணித்து மானம் போனவன்.

அந்த வருசம் இங்கே இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2017 செப்டெம்பரில் புள்ளிவிபரப் பணியகம் ஒரு கோடியே அறுபது லட்சம் பேருக்குத் தபாலில் ஒரு தாள் அனுப்பியது. ஒரே பாலினத்தவர் திருமணம் செய்ய இடம் கொடுக்கச் சட்டத்தை மாற்ற வேண்டுமா என்று ஒரே ஒரு கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு பெட்டி. கீழே ஒரு பார்கோட். முத்திரை ஒட்டத் தேவையில்லாத ஒரு பதில் உறை. வழக்கமான தேர்தல் என்றால் வாக்குப் போடாமல் விட்டால் 20 டொலர் தண்டம் கட்ட வேண்டும். இதற்கு அந்தக் கட்டாயமில்லை. விரும்பினால் அனுப்பு, இல்லாவிட்டால் குப்பையில் போடு.

எங்கள் வீட்டுக்கு நாலு உறை வந்தது. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் மருமகள்தான் ஆரம்பித்தா: “மாமா, மொத்தத்தில் ஆம்தான் வெல்லும், அதில் பந்தயம் கட்டிப் பிரயோசனம் இல்லை. எந்தத் தொகுதி எந்தப் பக்கம் போகும் என்று சொல்லுங்கோ பார்ப்போம்.” அவவுக்கு வேலையே தரவுகளோடுதான். நான் முப்பது வருசம் கணக்குப் படிப்பித்தவன். விடுவேனா? யாழ்ப்பாணத்தில் இருந்து போனமுறை கொண்டுவந்த தடித்த மட்டைச் சி.ஆர். கொப்பி ஒன்று மேசை லாச்சிக்குள் இருந்தது. சிவப்பு மையால் கோடு அடித்து நாடாளுமன்றத்தின் 150 தொகுதியையும் எழுதினேன்.

என் கணக்கு இதுதான். கரையோர நகரங்கள் ஆம். உள்நாட்டுக் காட்டுப்புறம், மாட்டுப் பண்ணை, கோதுமை வயல் எல்லாம் இல்லை. தொழிற்கட்சியின் கோட்டைகள் ஆம், ஏனென்றால் கட்சி ஆம் பக்கம் நின்றது. பரமட்டாவும் அதன் அயலில் பலவும் தொழிற்கட்சித் தொகுதிகள். யோசிக்காமல் ஆம் என்று போட்டேன். மொத்தம் 28 தொகுதிக்கு ‘இல்லை’.

நவம்பர் 15 காலை பத்து மணிக்கு முடிவு வந்தது. நாடு 61.6 வீதம் ஆம். 133 தொகுதி ஆம், 17 தொகுதி இல்லை. அந்தப் பதினேழில் பன்னிரண்டு சிட்னிக்குள். இரண்டு மெல்பேர்ணில். காட்டுப்புறம் என்று நான் நினைத்த அவ்வளவு பெரிய நிலப்பரப்பில் மிச்சம் மூன்றே மூன்று, மூன்றும் குயின்ஸ்லாந்து.

என்னுடைய 28இல் சரியாக விழுந்தது நாலு. இருபத்துநாலு ஊரின்மேல் வீண்பழி போட்டிருந்தேன், பதின்மூன்றைத் தவறவிட்டிருந்தேன். ஆக 37 பிழை. பேத்தி அப்போது ஏழாம் வகுப்பு. கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “தாத்தா, 150க்கும் கண்ணை மூடிக்கொண்டு ஆம் என்று போட்டிருந்தால் 17தானே பிழைத்திருக்கும்?” கணக்கு வாத்தியாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

அதே வாசகி: மருமகள் எப்படிக் கணித்தா?

அவ கட்சியைப் பார்க்கவே இல்லை. 2016 குடிசன மதிப்பீட்டை எடுத்தா. நாட்டில் ஏறத்தாழ 30 வீதமானவர்கள் ‘மதம் இல்லை’ என்று எழுதியிருந்த கணக்கெடுப்பு அது. ஒவ்வொரு தொகுதியிலும் அப்படி எழுதியவர்கள் எத்தனை வீதம், வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுகிறவர்கள் எத்தனை வீதம் என்று இரண்டே இரண்டு நிரல். முதலாவது குறைந்து இரண்டாவது கூடின இடத்தில் ‘இல்லை’ என்று போட்டா. 14 தொகுதி. அதில் 12 சரி. பிழைத்த இரண்டு, எங்கள் ஆட்களின் கடைத்தெரு இருக்கிற ஹோம்புஷை உள்ளடக்கிய ரீட் தொகுதியும், மெல்பேர்ணின் தென்கிழக்கில் ஹோல்ட் தொகுதியும். இரண்டும் ஆம் என்று சொல்லித் தப்பிவிட்டன.

அவ தவறவிட்டது ஐந்து. குயின்ஸ்லாந்தின் கென்னடி, மரனோவா, குறூம். சிட்னியில் மிற்செல், பென்னலோங். வேடிக்கை என்னவென்றால், நான் சரியாகச் சொன்ன நாலும் இந்த ஐந்துக்குள்தான். மிற்செல்லை எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் ஞாயிறு காலை கார் ஓட்டிப் பாருங்கள், பெரிய தேவாலயத்துக்குப் போகிற வாகன வரிசை எங்கே முடிகிறது என்று தெரியாது. என்னுடைய கொப்பியையும் அவவுடைய கணினியையும் சேர்த்து வைத்தால் பென்னலோங் ஒன்றுதான் தப்புகிறது. அதுவும் 50.2 வீதம்தான் ‘இல்லை’. அப்படி மயிரிழையில் தொங்குகிறதைச் சொல்வதற்குச் சாத்திரம்தான் பார்க்க வேண்டும்.

பிளாக்டவுன் வாசகர்: மேற்கு சிட்னியில் முஸ்லிம்கள் அதிகம், அதனால்தான் ‘இல்லை’ வந்தது என்கிறார்கள். சரியா?

அரைவாசி சரி. அரைவாசி சரியான விசயம் முழுப்பிழையைவிட ஆபத்து.

நாட்டிலேயே அதிகமாக இல்லை என்று சொன்னது பிளாக்ஸ்லாண்ட், 73.9 வீதம். அடுத்தது வாட்சன், 69.6. இரண்டிலும் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய, உண்மை. அதோடு லெபனான் கத்தோலிக்கர், கிரேக்க ஓதடொக்ஸ்காரர், வியட்நாமியர், சீனர் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். பெயர்ஃபீல்ட் பக்கம் மக்மஹோன் தொகுதியில் 64.9. அங்கே இருக்கிறவர்களில் பெரிய பங்கு ஈராக்கில் இருந்து வந்த அசிரியக் கிறிஸ்தவர்கள். கப்ரமட்டா இருக்கிற ஃபௌலரில் 63.7, அங்கே பௌத்தரும் கத்தோலிக்கருமான வியட்நாமியர். எங்கள் பரமட்டாவில் 61.6. ஒரு சமயத்தின் தலையில் கட்டிவிட்டுப் போக இந்தப் பட்டியல் இடம் தராது.

பரமட்டாவின் அந்த எண்ணை இன்னொரு தடவை பாருங்கள். நாடு 61.6 வீதம் ஆம் என்றது. பரமட்டா 61.6 வீதம் இல்லை என்றது. தசமப் புள்ளி வரைக்கும் அதே எண், தலைகீழாக. படிப்பித்த காலத்தில் இப்படி ஒரு கேள்வி தயாரித்திருந்தால் ‘மாஸ்டர் வேண்டுமென்றே செய்திருக்கிறார்’ என்று பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள்.

பெயர் வேண்டாம், மேஸ் ஹில்: அப்படியென்றால் தமிழர்கள் பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் போட்டிருப்பார்கள், அப்படித்தானே?

இதற்கு ‘ஓம்’ என்று எழுதினால் இந்தப் பகுதியை நான் மூடிவிட வேண்டும்.

வகுப்பின் சராசரி 60 என்றால் மூன்றாம் வாங்கில் இருக்கிற பொடியன் எத்தனை எடுத்தான் என்று யாரும் சொல்ல முடியாது. நூறும் எடுத்திருக்கலாம், முட்டையும் எடுத்திருக்கலாம். பணியகம் தொகுதிவாரியாக எண்ணியது, ஆண் பெண், வயது பார்த்து எத்தனை பேர் பதில் போட்டார்கள் என்று எண்ணியது. எந்த மொழி பேசுகிறவர் எதற்குப் போட்டார் என்று எண்ணவேயில்லை. பரமட்டாவின் எண்ணுக்குள் தமிழர் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்கிறவர் தன்னுடைய வீட்டுக் கூடத்தை வைத்துத்தான் சொல்கிறார்.

என்னுடைய கூடத்தை வைத்து நானும் ஒன்று சொல்லட்டுமா? வாக்குச்சாவடிக்குப் போனால் மறைப்புக்குப் பின்னால் நீங்களும் பென்சிலும் மட்டும்தான். இந்த உறை வந்து நின்றது சாப்பாட்டு மேசையில். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தகப்பன் ஐந்து உறையையும் ஒன்றாக அடுக்கி, ஐந்துக்கும் தானே கோடு போட்டு, ஐந்தையும் தானே தபால்பெட்டியில் போட்டார். மகள் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறவள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு நின்றாளாம். இன்னொரு வீட்டில் பிள்ளைகள் இருவரும் உறையைத் தங்கள் பையில் வைத்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய், அங்கே வைத்து நிரப்பி அனுப்பினார்கள். கோயில் மடப்பள்ளியில் மரக்கறி வெட்டுகிற இடத்தில் அந்த இரண்டு மாதமும் இந்தக் கதைதான். சத்தமாகக் கதைத்தவர்கள் ஒரு பக்கம். கத்தரிக்காயைப் பார்த்தபடி ஒன்றும் சொல்லாமல் வெட்டினவர்கள் மறுபக்கம். அந்த இரண்டாவது கூட்டம் எவ்வளவு என்று எந்தக் கணிதமும் சொல்லாது.

நானும் நீங்களும் ஒரே கோயிலுக்குத்தான் போகிறோம் போல. பெயர் வேண்டாம் என்று எழுதினபடியால் விட்டுவிடுகிறேன்.

டபோ வாசகர்: நாங்கள் காட்டுப்புறத்தில் இருக்கிற ஒரு சில தமிழ்க் குடும்பங்களில் ஒன்று. எங்களைப் பற்றிப் பிழையாகக் கணித்ததற்கு மன்னிப்புக் கேட்பீர்களா?

கேட்கிறேன். உங்களுடைய பார்க்ஸ் தொகுதி 52.7 வீதம் ஆம். நான் ‘இல்லை’ என்று சிவப்பில் எழுதி இரண்டு கோடும் இழுத்திருந்தேன்.

இதில் எனக்கு வெட்கம் அதிகம், ஏனென்றால் அந்தப் பக்கம் எனக்குப் புதிதல்ல. இந்த நாட்டுக்கு வந்து முதல் நாலு வருசம் உங்கள் தொகுதிக்குள் ஒரு சிறு ஊரில்தான் படிப்பித்தேன். ஒரு மதுக்கடை, ஒரு தபால்கந்தோர், ஒரு தானியக் கோபுரம், மூன்று தேவாலயம். மூன்று தேவாலயத்தை எண்ணி நினைவில் வைத்திருந்தேனே தவிர, ஞாயிறு காலை அவற்றுக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை மறந்துபோனேன். வீட்டுக்காரக் கிழவி ஒருமுறை என்னைக் கூட்டிக்கொண்டு போனா. பதினொரு பேர். எண்ணினேன், வாத்தியார் புத்தி. அதில் நானும் ஒருவன், நான் சைவன்.

முடிவு வந்த கிழமை அவவின் மகளுக்கு ரெலிபோன் எடுத்தேன். இப்போது அவவுக்கே அறுபதைத் தாண்டியிருக்கும். ஆம் என்று போட்டாவாம். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவவாகவே சொன்னா: நான் படிப்பித்த வகுப்பில் இருந்த அவவின் தம்பி பதினெட்டு வயதில் பஸ் ஏறி மெல்பேர்ண் போனவன், இருபது வருசமாக ஒருவரோடு வாழ்கிறான், நத்தாருக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் வருவார்கள், அந்த மற்றவர் நன்றாக ஆட்டிறைச்சி சமைப்பார். ஊரில் எல்லாருக்கும் தெரியுமாம். முந்நூறு பேர் உள்ள ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். இதை எந்த நிரலில் எழுதுவது?

பார்னபி ஜோய்ஸ் நின்ற நியூ இங்கிலண்ட் தொகுதியும் இப்படித்தான். அவர் இந்த மாற்றத்தை எதிர்த்தவர், தொகுதி 52.5 வீதம் ஆம் என்றது. குயின்ஸ்லாந்தில் பொப் கற்றரின் கென்னடியோ 53.3 வீதம் இல்லை என்று தன் எம்.பி.யோடு சேர்ந்து நின்றது.

மெல்பேர்ண் வாசகர்: தொகுதி எம்.பி.யின் நிலைப்பாட்டை வைத்துக் கணிக்க முடியாதா?

முடியாது. முன்னாள் பிரதமர் ரோனி அபட்டைவிட இதைக் கடுமையாக எதிர்த்தவர் யார்? அவருடைய வொறிங்கா தொகுதி 75 வீதம் ஆம். அவர் பாவம், டிசெம்பர் 7 நாடாளுமன்றச் சபையில் சட்டமாற்றத்துக்கு வாக்கெடுப்பு நடந்தபோது எழுந்து வெளியே போய்விட்டார். எதிர்த்து வாக்களித்தவர்கள் மொத்தமே நாலு பேர்.

மறுபக்கம் பாருங்கள். இல்லை என்று சொன்ன 17 தொகுதியில் 11 தொழிற்கட்சியுடையவை. அந்த உறுப்பினர்களில் ஒருவர்கூடச் சபையில் எதிர்த்து வாக்களிக்கவில்லை. அடுத்த தேர்தலில் அதற்காக அங்கே யாரும் அவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. கட்சி வேறு, இது வேறு என்று மேற்கு சிட்னிச் சனம் பிரித்து வைத்திருந்தது. கணித்த என்னைப் போன்றவர்கள்தான் சேர்த்துக் குழைத்தோம்.

லிவர்பூல் வாசகி: தபால்முறை என்றபடியால் கிழடுகள் மட்டும் அனுப்பும், இளசுகள் சோம்பலில் விட்டுவிடும் என்று அப்போது பேசப்பட்டதே?

நானும் பேசினேன். என் பேரன்களுக்குச் சிவப்புத் தபால்பெட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஆனால் மொத்தம் 79.5 வீதம் பேர் திருப்பி அனுப்பினார்கள். 70–74 வயதுக்காரர் 89.6 வீதம், சரி, எதிர்பார்த்ததுதான். 18, 19 வயதுப் பிள்ளைகள் 78.2 வீதம்! ஆகக் குறைவாக அனுப்பினது 25–29 வயதுக்காரர், அதுவே 71.9.

ஜெனீவாவில் இருந்து வந்து நிற்கும் வாசகர்: ஒரே பாலினத் திருமணத்துக்கு சுவிஸ் நாட்டு வாக்கெடுப்பின் முடிவை உங்கள் கொப்பி சரியாகச் சொல்லியிருக்குமா?

சொல்லியிருக்காது. 2021 செப்டெம்பர் 26, உங்கள் நாட்டில் 64.1 வீதம் ஆம், கன்ரோன் என்கிற மாநிலங்கள் அத்தனையும் ஆம். மலைக்குள் இருக்கிற அப்பென்செல் இன்னர்றோடனை எடுங்கள். கன்ரோன் விசயங்களில் பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்க மாட்டோம் என்று ஆண்கள் அடம்பிடித்து, 1990இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுக் கொடுக்கவைத்த இடம். அந்த இடம் 50.8 வீதம் ஆம் என்றது. நான் வீட்டைப் பணயம் வைத்திருப்பேன், மனுசி தடுத்திருக்காவிட்டால்.

கான்பெரா வாசகர்: இதைக் கணிக்க ஒழுங்கான சூத்திரம் ஏதாவது உண்டா, அல்லது எல்லாம் குருட்டு அதிர்ஷ்டமா?

உண்டு. மருமகள் தன்னுடைய யோசனையை எடுத்ததே அங்கிருந்துதான். 2009இல் அமெரிக்காவில் நேற் சில்வர் என்கிற புள்ளிவிபரக்காரர் ஒரு கணக்குப் போட்டார். ஒரே பாலினத் திருமணத்தைத் தடுக்க அதுவரை மாநிலங்களில் நடந்த முப்பது வாக்கெடுப்புகளை எடுத்துக்கொண்டார். எந்த வருசம் நடந்தது, சமயம் தன் அன்றாட வாழ்க்கையில் முக்கியம் என்கிறவர்கள் எத்தனை வீதம், வெள்ளை இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர் எத்தனை வீதம். இந்த மூன்று எண்ணும் போதும் என்றார். வருசத்துக்கு ஏறத்தாழ இரண்டு வீதம் எதிர்ப்புக் கரைகிறது, கடைசியாக மிசிசிப்பி 2024இல் மாறும் என்று ஒரு கால அட்டவணையே போட்டுக் கொடுத்தார்.

அதே வருசம் நவம்பரில் மெய்ன் மாநிலம் வாக்களித்தது. அவருடைய கணக்குப்படி திருமண உரிமை நிலைத்திருக்க வேண்டும். 53 வீதம் பேர் அதை இரத்துச் செய்தார்கள். மூன்று வருசம் கழித்து அதே மெய்ன் 2012இல் வாக்கெடுப்பு வைத்து ஆம் என்றது. சூத்திரம் திசையைச் சரியாகத்தான் சொன்னது, நேரத்தில் சறுக்கிவிட்டது. 2015 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முழு நாட்டுக்கும் தீர்ப்புச் சொல்லிவிட்டதால் மிசிசிப்பி 2024இல் என்ன சொல்லியிருக்கும் என்று பார்க்க யாருக்கும் வாய்க்கவில்லை. அவருக்கு அது நல்லதும்தான்.

அயர்லாந்துக் கதை இன்னும் சுவை. 2015 மே 22, இதே கேள்விக்கு 43 தொகுதியில் 42 ஆம். ரொஸ்கொமன்–தெற்கு லீட்றிம் மட்டும் 51.4 வீதம் ‘இல்லை’ என்றது. அந்த ஊர்க்காரரைப் பத்திரிகைகள் போட்டு வறுத்தன. மூன்று வருசம் கழித்துக் கருக்கலைப்பு வாக்கெடுப்பு வந்தது. ஒரே ஒரு இடம்தான் மறுத்தது என்று கேள்விப்பட்டவுடன் நான் மருமகளிடம் ‘ரொஸ்கொமன்’ என்றேன். இல்லை, டொனகோல். ரொஸ்கொமன் இருக்கிற தொகுதி 57 வீதத்துக்கு மேல் ஆம் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தது. போன வாக்கெடுப்பை வைத்து ஒரு ஊருக்குப் பட்டம் கட்டினால் இப்படித்தான்.

செவன் ஹில்ஸ் வாசகர்: இவ்வளவு கணக்குப் பார்த்தீர்களே, நீங்கள் எதற்குப் போட்டீர்கள்? வீட்டில்?

நான் ஆம். மகனும் மருமகளும் ஆம் என்று அவர்களாகவே சொன்னார்கள். மனுசி உறை வந்த அன்றைக்கே, நான் கொப்பிக்குக் கோடு அடித்துக்கொண்டிருக்கும்போதே, நிரப்பி ஒட்டி மூலைக் கடைக்குப் பால் வாங்கப் போகும்போது போட்டுவிட்டு வந்துவிட்டா. எதற்கு என்று இன்றுவரை சொல்லவில்லை. “அது என்னுடைய பெயருக்கு வந்த கடிதம்” என்றா. நாற்பத்தாறு வருசம் கூட வாழ்ந்திருக்கிறேன், ஊகிக்கப் பார்த்தேன், இரண்டு பக்கமும் சமமாகத்தான் வருகிறது. எங்கள் வீட்டிலும் ஒரு பென்னலோங்.

வெஸ்ட்மீட் வாசகி (மீண்டும்): பந்தயம் என்ன? சொல்லவேயில்லை.

தோற்றவர் ஆறு மாதம் சனிக்கிழமை தோசைக்கு உழுந்து ஊறப்போட்டு அரைக்க வேண்டும், கிறைண்டரைக் கழுவி வைப்பதும் சேர்த்து. ஐந்தாவது மாதம் கல்லைத் தூக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டது. மிச்சத்தை மகன் செய்தான். அவன் பந்தயத்திலேயே இல்லை.